கடற்பசு புத்தகம் என்ன ஆச்சு? படப் புத்தகங்கள் பதிப்பாளரைத் தேடிய வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக இருக்கும்போது படியுங்கள்.

"டீச்சர், கடற்பசு புத்தகம் என்ன ஆச்சு?" என்று இந்த இரண்டு மாதத்தில் பல பேர் போனில் கேட்டுவிட்டீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு, நம் கடலில் வாழும் ஆவுளியாவை, அதாவது கடற்பசுவைப் பற்றிச் சின்னப் பிள்ளைகளுக்கு 24 பக்கத்தில் ஒரு படக்கதை எழுதினேன். நம் பள்ளியில் படித்த பிள்ளை ஒருவன் படம் வரைந்து தந்திருக்கிறான். அதற்குத்தான் பதிப்பாளர் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதுவரை வந்த பதில்களையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர், "ஆவுளியான்னா யாருக்கும் தெரியாதும்மா, டால்பினா மாத்திக் குடுங்க" என்றார். ஒருவர், "இங்கிலீஷ்ல இருந்தா பார்க்கலாம்" என்றார். இன்னொருவர், நானே முன்பணம் கட்டி 500 பிரதியை நானே வாங்கிக்கொண்டால் அடுத்த மாதமே போட்டுவிடலாம் என்றார். இதைக் கேள்விப்பட்ட உங்களில் சிலர், "நாங்க எல்லாரும் சேர்ந்து பணம் போட்டு அச்சடிச்சிடுவோம் டீச்சர்" என்று கிளம்பிவிட்டீர்கள். என் தம்பி மகனும் அதையே சொல்கிறான்.

உங்கள் அன்பு எனக்குத் தெரியும். ஆனால் வேண்டாம் என்கிறேன். ஏன் என்று ஒரு வரியில் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். அதனால் இந்தத் தேடலில் நான் படித்துத் தெரிந்துகொண்ட வரலாற்றைச் சொல்கிறேன். முடிவில் காரணம் உங்களுக்கே புரியும்.

முதலில் ஒரு பழைய கடற்பசுவின் கதை.

1741-இல் விட்டஸ் பெரிங் என்பவரின் தலைமையில் போன ரஷ்யக் கப்பல் ஒன்று வடக்குப் பசிபிக் கடலில் ஒரு தீவில் தரைதட்டியது. கப்பலில் ஜார்ஜ் ஸ்டெல்லர் என்ற ஜெர்மானிய இயற்கை அறிஞர் இருந்தார். அந்தத் தீவைச் சுற்றி ஒரு பிரம்மாண்டமான கடற்பசு மேய்ந்துகொண்டிருப்பதைக் கண்டார். எட்டு மீட்டர் நீளம், பல டன் எடை. நம் ஆவுளியாவுக்குச் சொந்தக்காரப் பிராணி. சாதுவானது, மெதுவாக நீந்தும், கரையோரத்திலேயே பாசி மேயும். ஸ்டெல்லர் அதை அளந்து, பழக்கவழக்கங்களை எல்லாம் எழுதி வைத்தார். அவர் 1746-இல் இறந்துபோனார். அவர் எழுதியது 1751-இல் புத்தகமாக வந்தது, லத்தீன் மொழியில்.

அதே காலத்தில் மென்மயிர் வேட்டைக்கு அந்தப் பக்கம் போன கப்பல்கள், வழிச் சாப்பாட்டுக்கு அந்தக் கடற்பசுவைக் கொன்றுகொண்டே இருந்தன. 1768-க்குப் பிறகு அது இல்லை. கண்டுபிடித்து 27 வருஷத்தில் ஓர் இனமே முடிந்துபோனது.

இதில் என்னை யோசிக்க வைத்தது எது தெரியுமா? அந்தப் பிராணியைப் பற்றிப் புத்தகம் இல்லாமல் இல்லை. பிராணி உயிரோடு இருந்தபோதே புத்தகம் அச்சாகிவிட்டது. ஆனால் அது பண்டிதர்களின் அலமாரியில் இருந்தது. ஈட்டி பிடித்தவன் லத்தீன் படித்தவன் இல்லை, அவன் பிள்ளையும் இல்லை. புத்தகம் அச்சாவது வேறு, போய்ச் சேர வேண்டிய கைக்குப் போய்ச் சேர்வது வேறு. பதிப்பாளர் என்பவர் இந்த இரண்டாவது வேலைக்குத்தான் வேண்டும்.

சரி, படப் புத்தகத்துக்கு வருவோம்.

பீட்டர் என்ற முயல்குட்டியின் கதையை உங்களில் பலர் உங்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். எழுதியவர் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. 1893-இல் தன் பழைய ஆசிரியையின் மகன் நோயில் படுத்திருந்தபோது, அவனுக்குப் படம் போட்டு எழுதிய கடிதம்தான் அந்தக் கதை. சில வருஷம் கழித்து அதைப் புத்தகமாக்கலாம் என்று அனுப்பினார். குறைந்தது ஆறு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின.

சண்டை கதையைப் பற்றி இல்லை, அளவையும் விலையையும் பற்றித்தான். பெரிய புத்தகமாக, அதிக விலைக்குப் போடலாம் என்பது பதிப்பாளர் பக்கத்து யோசனை. சின்னக் கைக்கு அடங்கும் சின்னப் புத்தகமாக, ஒரு ஷில்லிங் விலையில் வர வேண்டும் என்பது பாட்டரின் பிடிவாதம். கடைசியில் 1901 டிசம்பரில் தன் சொந்தச் செலவில் 250 பிரதி அச்சடித்தார். உள்ளே கறுப்பு வெள்ளைப் படங்கள்தான்.

"பார்த்தீங்களா டீச்சர், அந்தம்மாவே கைக்காசு போட்டுத்தானே அச்சடிச்சாங்க" என்று இந்த இடத்தில் யாராவது சொல்வீர்கள். பொறுங்கள். அந்த 250 பிரதியோடு கதை முடியவில்லை. முன்பு மறுத்திருந்த பிரடெரிக் வார்ன் பதிப்பகம், படங்கள் வண்ணத்தில் இருந்தால் போடுகிறோம் என்று இறங்கி வந்தது. அப்போது புதிதாக வந்திருந்த மூவண்ண அச்சு முறையில் 1902 அக்டோபரில் புத்தகம் வெளியானது. அந்த வருஷ முடிவுக்குள் ஆயிரக்கணக்கில் மறுபதிப்புகள். 250 பிரதி போட்டவரும் அவர்தான், எழுதியவரும் அவர்தான். நடுவில் மாறியது ஒன்றுதான்: வண்ணத்தின் செலவையும் ஊர் ஊராகக் கொண்டுபோகும் வேலையையும் வேறு ஒருவர் தோளில் ஏற்றுக்கொண்டார்.

இன்னொரு தகவல். புத்தக வருமானத்தைக் கொண்டு பாட்டர் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் பண்ணை பண்ணையாக நிலம் வாங்கினார். 1943-இல் அவர் இறந்தபோது சுமார் 4,000 ஏக்கர் நிலத்தை, இயற்கை மாறாமல் காப்பதற்காக நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதி வைத்திருந்தார். ஒரு முயல்குட்டிப் புத்தகம் ஒரு நிலப்பரப்பையே காப்பாற்றியிருக்கிறது.

கடலைப் பற்றி எழுதியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ரேச்சல் கார்சன். அமெரிக்க அரசின் மீன்வளத் துறையில் வேலை பார்த்தவர். துறைக்காகக் கடலைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்த ஒரு அறிமுகக் கட்டுரையைப் படித்த மேலதிகாரி, இது அரசு வெளியீட்டுக்கு ஆகாது, அதைவிட உயர்ந்ததாக இருக்கிறது, அட்லாண்டிக் மந்த்லி பத்திரிகைக்கு அனுப்புங்கள் என்று சொன்னாராம். 1937-இல் அது அதில் வந்தது. அதைப் படித்த பதிப்பாளர் கேட்டுத்தான் முதல் புத்தகம் எழுதினார். அது 1941 நவம்பரில் வெளிவந்தது. அடுத்த மாதம் பேர்ல் துறைமுகத் தாக்குதல். அமெரிக்கா போரில் இறங்கிவிட்டது. கடல் பறவையையும் கானாங்கெளுத்தியையும் விலாங்கையும் பற்றிப் படிக்க யாருக்கு நேரம்? புத்தகம் விற்கவில்லை.

பத்து வருஷம் கழித்து 1951-இல் 'நம்மைச் சூழ்ந்த கடல்' என்று பொருள்படும் அவருடைய இரண்டாவது புத்தகம் வந்தது. அதன் அத்தியாயங்களைப் பல பத்திரிகைகள் வேண்டாம் என்று திருப்பியிருந்தன. நியூயார்க்கர் இதழ் தொடராக வெளியிட்டது. அதன் பிறகு புத்தகம் ஒரு வருஷத்துக்கு மேல் விற்பனைப் பட்டியலை விட்டு இறங்கவில்லை. 1952-இல் முதல் புத்தகத்தை அப்படியே மறுபதிப்பு போட்டார்கள், அதுவும் விற்றுத் தீர்ந்தது. எழுத்து அதேதான், வந்த நேரம்தான் வேறு. 1958-இல் 'நம்மைச் சூழ்ந்த கடல்' சிறுவர்களுக்காகச் சுருக்கி, வண்ணப் படங்களோடு வந்தது. கவனியுங்கள்: பெரியவர்களிடம் அது பெயர் வாங்கிய பிறகுதான், சிறுவர் பதிப்பில் வண்ணத்துக்குச் செலவு செய்ய ஆள் வந்தது.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு ஒரு பெரிய உண்மை பிடிபட்டது.

தமிழில் குழந்தை எழுத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அழ. வள்ளியப்பா போன்றவர்கள் முன்னின்று 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கமே ஆரம்பித்தார்கள். ஆனால் வண்ணம்? நாம் படித்த கதைப் புத்தகங்களை நினைத்துப் பாருங்கள். அட்டை மட்டும் வண்ணம். உள்ளே ஒரு மையில் கோட்டோவியம். எழுதவும் வரையவும் ஆள் இருந்தது. அச்சுச் செலவைத் தாங்கத்தான் ஆள் இல்லை.

விதிவிலக்கு ஒன்று இருந்தது. அம்புலிமாமா! 1947 ஜூலையில் சென்னையில் பி. நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய பத்திரிகை. தொடக்கத்திலேயே தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா' என்று இரண்டு மொழி. பிறகு கன்னடம், இந்தி, மராத்தி, மலையாளம் என்று வளர்ந்தது. தோளில் வேதாளத்தைச் சுமந்து, கையில் வாளோடு விக்ரமாதித்தன் சுடுகாட்டில் நடந்து வரும் படம் ஞாபகம் இருக்கிறதா? ஓவியர் சங்கர் வரைந்தது. அந்த ஒரு படத்தைத் தமிழ்ப் பிள்ளையும் பார்த்தது, மராத்திப் பிள்ளையும் பார்த்தது. படம் ஒன்று, அதற்கான செலவும் ஒரே முறை. எழுத்து மட்டும் மொழிக்கு மொழி மாறியது. தமிழ் மட்டும் தனியாக அந்த வண்ணத்தைச் சுமந்திருக்க முடியாது. பல மொழிகள் சேர்ந்து சுமந்தன.

அடுத்தது ரஷ்யப் புத்தகங்கள். என் வயதுக்காரர்களைக் கேளுங்கள், கண்ணில் தண்ணீரே வந்துவிடும். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்பகம் என்று போட்டிருக்கும். வழுவழு தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணம், விலையோ நம் கைக்கு எட்டும் விலை. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடையிலும் கண்காட்சி வண்டியிலும் வாங்குவோம். அது எப்படி அந்த விலைக்கு முடிந்தது? ஒரு அரசாங்கம் செலவை ஏற்றது, ஒரே ஓவியத்தைப் பல மொழிகளில் அச்சடித்தது. 1991-இல் சோவியத் யூனியன் கலைந்தது, அந்தப் புத்தகங்களும் நின்றுபோயின. தமிழ்க் குழந்தையின் கையில் இருந்த வண்ணம், எங்கோ மாஸ்கோவில் எடுத்த முடிவால் போய்விட்டது. அடுத்தவர் கொடுத்த வண்ணத்துக்கு அதுதான் கதி.

டெல்லியில் 1957-இல் இரண்டு அமைப்புகள் தோன்றின. ஒன்று கார்ட்டூனிஸ்ட் சங்கர் தொடங்கிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட். மற்றது அரசின் நேஷனல் புக் டிரஸ்ட். பள்ளி நூலகத்தில் நான் உங்களுக்குப் படித்துக் காட்டிய மெல்லிய வண்ணப் புத்தகங்களில் பாதி நேஷனல் புக் டிரஸ்ட் போட்டவை. அங்கும் அதே வழிதான். ஒரு படம், பல மொழி.

1990-களில் சென்னையிலேயே படப் புத்தகத்துக்கென்று பதிப்பகங்கள் வந்தன. 1994-இல் கீதா உல்ஃப் தொடங்கிய தாரா, 1996-இல் துலிகா. துலிகா ஒரே புத்தகத்தைத் தமிழ், மலையாளம், தெலுங்கு, வங்காளம் என்று ஆங்கிலத்தோடு சேர்த்து ஒன்பது மொழிகளில் போடுகிறது. கடல் ஆமை ஆராய்ச்சியாளர் கார்த்திக் சங்கர் எழுதிய ஆமைக் கதையை வெளியிட்டதும் துலிகாதான். அந்தக் கதைக்குப் பின்னால் ஒரு நீண்ட நடை இருக்கிறது. 1970-களில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள், இரவில் கடற்கரையில் நடந்து, முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைத் தேடினார்கள். 1988-இல் மாணவர்கள் சேர்ந்து ஆமைப் பாதுகாப்புக்கென்றே ஒரு குழு அமைத்தார்கள். அதைத் தொடங்கியவர்களில் கார்த்திக் சங்கரும் ஒருவர். முதலில் பல வருஷம் ராத்திரி ராத்திரியாக மணலில் நடந்தார்கள். புத்தகம் அதற்குப் பிறகுதான் வந்தது.

கடைசியாக, 2004-இல் தோன்றிய பிரதம் புக்ஸ். இவர்கள் 2015-இல் ஸ்டோரிவீவர் என்று ஒரு இணையதளம் தொடங்கினார்கள். அதில் உள்ள கதைகளை யார் வேண்டுமானாலும் தம் மொழியில் மாற்றலாம், அச்சடிக்கலாம். எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டால் போதும். அம்புலிமாமா வழியின் இன்றைய வடிவம் இது என்று எனக்குத் தோன்றியது.

இப்போது கரும்பலகைக்கு வாருங்கள். அச்சகத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

வண்ணப் பக்கம் எதுவானாலும் நான்கு மைதான்: நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. ஒவ்வொரு மைக்கும் ஒரு பிளேட். 500 பிரதி அடித்தாலும் 5,000 அடித்தாலும் பிளேட் செலவு அதேதான். ஓவியருக்குக் கொடுக்கும் பணமும் அதேதான். பேச்சுக்கு ஒரு கணக்கு: ஓவியம், வடிவமைப்பு, பிளேட் எல்லாம் சேர்த்து 1 லட்சம் ரூபாய் என்று வையுங்கள். 500 பிரதி அடித்தால் காகிதம், மை, பைண்டிங் சேர்ப்பதற்கு முன்பே ஒரு புத்தகத்தின் தலையில் 200 ரூபாய் ஏறிவிடும். 5,000 அடித்தால் 20 ரூபாய்தான். நான் பணம் கட்டி 500 போட்டால், நம் கடற்கரைப் பிள்ளை வாங்க முடியாத விலையில்தான் வரும். விலையைக் குறைத்தால் உங்கள் பணம் போகும்.

5,000 பிரதியைத் தமிழில் மட்டும் விற்பது ஒரு புதுப் புத்தகத்துக்குக் கஷ்டம். அதனால்தான் பல மொழி. அதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. எழுத்து முழுவதையும் கறுப்பில் மட்டும் வைப்பார்கள். அப்போது மொழி மாறினால் கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும். மற்ற மூன்று பிளேட்டும் அப்படியே இருக்கும்.

இதைப் படித்தபோதுதான் எங்கள் புத்தகத்தைத் திரும்பப் பார்த்தேன். கடல் கதை அல்லவா? பக்கம் முழுக்க நீலம். நீலத்தின் மேல் வெள்ளை எழுத்து வைத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வெள்ளை எழுத்து என்பது மை படாமல் விட்ட இடம். அது எல்லா பிளேட்டிலும் வெட்டப்பட்டிருக்கும். மொழி மாறினால் எல்லா பிளேட்டையும் மாற்ற வேண்டும். வரைந்த பிள்ளையைக் கூப்பிட்டுச் சொன்னேன். இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்சம் மணலோ, வெளிறிய வானமோ, ஆழமில்லாத இளநீலமோ இருக்கிறது. கறுப்பு எழுத்து அங்கே உட்காரும். எந்த மொழி எழுத்தும் உட்காரும்.

அப்படியானால் எந்தெந்த மொழி? இந்தக் கேள்விக்கு ஆவுளியாவே பதில் வைத்திருக்கிறது.

இந்தியாவில் ஆவுளியா மூன்று இடங்களில்தான் இருக்கிறது. ஒன்று நம் மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும். இரண்டாவது குஜராத்தின் கட்ச் வளைகுடா. மூன்றாவது அந்தமான் நிக்கோபார் தீவுகள், அங்கே அதுதான் மாநில விலங்கு. நமக்கு எதிர்க்கரையில் இலங்கையின் மன்னார்க் கடலிலும் இருக்கிறது. இந்தக் கரைகளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பேசும் மொழிகளை எழுதிப் பாருங்கள்: தமிழ், குஜராத்தி, இந்தி, வங்காளம், சிங்களம். ஆவுளியா மேயும் இடமெல்லாம் இந்தப் புத்தகத்துக்கு வாசகன் இருக்கிறான். "ஆவுளியா யாருக்கும் தெரியாது" என்று சொன்னவருக்கு என் பதில் இதுதான். தெரிந்த கரைகள் நான்கு இருக்கின்றன. அதைக் காட்டித்தான் இப்போது புதிதாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். டால்பினாக மாற்றினால் இந்த வாதமே போய்விடும்.

நம் கரையில் இப்போது இதற்குச் சரியான நேரமும்கூட. 1986-இல் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே உள்ள 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. நாட்டில் ஆவுளியாவுக்கென்று அமைந்த முதல் பாதுகாப்பகம் இது. சட்டப்படி அது முதல் அட்டவணை விலங்கு, கொன்றால் சிறை.

ஆனால் சட்டம் மட்டும் போதாது என்பது கரையில் இருக்கும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆவுளியாவுக்கு மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். வலையில் மாட்டினால் சில நிமிஷத்தில் மூச்சுத் திணறிச் செத்துவிடும். ஒரு வருஷத்துக்கும் மேலே சுமந்து ஒரே ஒரு குட்டிதான் போடும். அடுத்த குட்டிக்குப் பல வருஷம் ஆகும். அதனால் ஒன்று போனாலும் பெரிய இழப்பு. வலையை அறுத்து ஆவுளியாவை விட்டுவிட்டு நஷ்டத்தோடு கரைக்கு வந்த மீனவர்கள் நம் பகுதியில் இருக்கிறார்கள். என் கதையில் வரும் அப்பாவும் அப்படி ஒருவர்தான். அதனால்தான் அது வேட்டைக்காரன் கதையாக இல்லாமல், வலை அறுப்பதா வேண்டாமா என்று படகில் நிற்கும் ஒரு அப்பாவையும் மகளையும் பற்றிய கதையாக இருக்கிறது. அந்தப் பிள்ளையின் கைக்குப் போகாமல் நகரத்துக் கடை அலமாரியில் நின்றால், ஸ்டெல்லரின் லத்தீன் புத்தகத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"பாதுகாப்புப் புத்தகம் சீக்கிரம் பழசாகிவிடும், எண்ணிக்கை மாறும், சட்டம் மாறும்" என்று ஒரு பதிப்பாளர் சொன்னார். நியாயமான கவலைதான். அமெரிக்காவில் டாக்டர் சூஸ் 1971-இல் எழுதிய 'தி லோராக்ஸ்' படக்கதையில் ஈரி ஏரி கெட்டுப்போனதைப் பற்றி ஒரு வரி இருந்தது. பல வருஷம் கழித்து, ஏரி இப்போது தேறிவிட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் அவருக்கு எழுதினார்கள். அடுத்த பதிப்புகளில் அந்த வரியை எடுத்துவிட்டார். நம் ஆவுளியா புத்தகத்தில் ஒரு வரி பழசாகி, அதை எடுக்க வேண்டிய நாள் வந்தால் அதைவிட எனக்கு என்ன சந்தோஷம்? எதற்கும் எண்ணிக்கையைக் கதையில் வைக்கவில்லை. கடைசிப் பக்கக் குறிப்பில் மட்டும் வைத்திருக்கிறேன். மாற்றுவது சுலபம்.

இப்போது பணம் போடும் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சேர்க்கும் பணத்தில் 500 பிரதி வரும். உங்கள் வீட்டுக்கு ஒன்று, என் வீட்டுப் பரணில் 300. என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் வாங்கிவிடுவீர்கள், என் மேல் உள்ள பிரியத்துக்காக. என்னைத் தெரியாத ஜாம்நகர்ப் பிள்ளைக்கும் தலைமன்னார்ப் பிள்ளைக்கும் போர்ட் பிளேர்ப் பிள்ளைக்கும் அது போகாது. அதற்கு ஒரு பதிப்பாளர் வேண்டும். இன்னும் சில இடங்களுக்கு எழுதுகிறேன். அடுத்த ஜூன், பள்ளி திறக்கும்வரை தேடுவேன். அதற்குள் யாரும் கிடைக்காவிட்டால், வரைந்த பிள்ளையின் சம்மதத்தோடு யாரும் எடுத்து அச்சடிக்கும்படி திறந்த உரிமத்தில் கொடுத்துவிடுவோம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். அவனுக்குக் கிடைக்க வேண்டிய கூலியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பதிப்பாளர் கிடைத்தால் அவனுக்கு முறையாகப் பணம் வரும். ஆகவே முதல் முயற்சி அதுதான்.

நீங்கள் செய்யக்கூடிய உதவி மூன்று இருக்கிறது.

ஒன்று: கடல் புல்லுக்கு ஒவ்வொரு கரையிலும் ஒவ்வொரு பெயர். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, எந்த ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள். பாசி வேறு, புல் வேறு என்று அவர்களுக்குத் தெரியும். குழப்பாமல் கேளுங்கள்.

இரண்டு: உங்களில் கடலுக்குப் போகிறவர்களிடம் படங்களை அனுப்புகிறேன். வலை, படகு, கயிறு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஆவுளியாவின் வால் மீன் வால் மாதிரி செங்குத்தாக இருக்கக் கூடாது, படுக்கையாக இருக்க வேண்டும். அதை நான் பார்த்துவிட்டேன். மற்றதை நீங்கள் பாருங்கள்.

மூன்று: எனக்காகச் சேர்க்க நினைத்த பணத்தில் உங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஐந்து படப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். யார் போட்டதானாலும் சரி, தமிழில் வண்ணத்தில் வந்ததாக இருக்கட்டும். தமிழ்ப் படப் புத்தகம் விற்கிறது என்று தெரிந்தால்தான், என் கடிதத்தைப் பிரிக்கும் பதிப்பாளர் இரண்டாவது பக்கத்தைப் படிப்பார்.

குஜராத்தி படிக்கத் தெரிந்தவர்கள், ஜாம்நகர், ஓகா பக்கம் வேலையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். அங்கே மீனவர்கள் ஆவுளியாவை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்ல வேண்டும்.

எல்லாரும் நலமாக இருங்கள். வீட்டில் பெரியவர்களைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்